மூடியாச்சு

மாரியப்பன் போனில் "தோ வந்துட்டேன்" என்றால், இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறாலை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் கம்ப்ரஸர் ஆபரேட்டர். அவன் பெண்டாட்டி கனகாம்பாள் அதே கம்பெனியில் இறால் உரிக்கிறாள். அவளுக்கு வேலை முன்னால் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து போன் போடுவாள், இவன் "தோ வந்துட்டேன்" என்பான். அவளும் சரியென்று வைத்துவிட்டுத் துணி துவைப்பாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் ஒரு சண்டை போட்டுவிட்டு வருவாள், சீரியலில் பாதி பார்ப்பாள். வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்ட பிறகுதான் சோற்றுப்பானையின் மூடியைத் திறப்பாள். வந்துட்டேன் என்ற சொல்லை நம்பி அவள் ஒருநாளும் தட்டு வைத்ததில்லை.

இதில் மாரியப்பனை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் ஊரில் வராதவன்தான் வந்துட்டேன் என்பான். வந்தவன் எதற்குச் சொல்லப்போகிறான், அவன்தான் எதிரே நிற்கிறானே. ஆகாத வேலையை ஆச்சு என்போம், முடியாத வேலையை முடிஞ்சிட்ச்சு என்போம். கேட்கிறவனுக்கும் அது தெரியும். சொல்கிறவனும் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான் அதன் பொருள்.

இந்தக் கூத்தை அந்த வீட்டில் மிகவும் ரசித்தவன் பாஸ்கர், கனகாம்பாளின் தம்பி. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, வலைக்கும் படகுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு எம்.சி.ஏ. படித்தவன். அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். வேலையும் மாமா வாங்கிக் கொடுத்ததுதான். "என் மச்சான் சார், கம்ப்யூட்டர்ல புலி" என்று மேனேஜர் பாக்கியநாதன் பின்னாலேயே ஒரு மாதம் அலைந்து மாரியப்பன் அவனைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தான். கம்ப்யூட்டரில் புலி எங்கே இருக்கும், எலிதான் இருக்கும் என்று பாக்கியநாதன் சொன்ன ஜோக்கை இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக் காப்பாற்றினார்கள். வேலை முக்கியமில்லையா.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். இறாலைக் கல்லாக உறைய வைக்க அம்மோனியா வேண்டும். குழாய்க்குள் ஓடுகிறவரை அது வேலைக்காரன், வெளியே வந்துவிட்டால் எமன். கசிவு வந்தால் கம்ப்யூட்டர் உடனே சைரனை ஊதவேண்டும், காற்றை இழுக்கும் பேன்களை ஓட்டவேண்டும், அம்மோனியாத் தொட்டியிலிருந்து வரும் குழாயின் பெரிய வால்வை மூடவேண்டும், மூடிய சேதியைக் கண்ட்ரோல் ரூம் திரையில் காட்டவேண்டும். இதற்கான புரோகிராமை எழுதியவர் உமர் பாரூக் என்ற பழவேற்காட்டு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. எழுதிக் கொடுத்துவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அவர் போன இடத்துக்குத்தான் பாஸ்கர் வந்தான்.

உமர் பாரூக் எழுதியதெல்லாம் கால்பேக் முறை. ஒருத்தனிடம் வேலையைக் கொடுத்து, "முடிஞ்சதும் இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நம் பாட்டைப் பார்க்கப் போவது போன்றது அது. ஒரு வேலை என்றால் சரி. சைரன் கூப்பிட்டதும் பேனைப் போடு, பேன் கூப்பிட்டதும் வால்வை மூடு, வால்வு கூப்பிட்டதும் திரையில் காட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நுழைந்து போகும்போது, எந்த நுனி எங்கே முடிகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. இடியாப்பம் என்றுதான் பாஸ்கர் அதைச் சொல்வான். நடுவில் ஒருவன் கூப்பிடாமல் இருந்துவிட்டால் போச்சு, மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒருநாள் ஆனது. ஒரு பேனிடமிருந்து பதில் வரவில்லை. புரோகிராம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. கசிவு ஏதும் இல்லாததால் உயிர் தப்பித்தார்கள், ஆனால் பாக்கியநாதன் வாயிலிருந்து யாரும் தப்பிக்கவில்லை.

அன்றைக்குத்தான் பாஸ்கர் தான் இன்டர்நெட்டில் படித்ததை அவரிடம் எடுத்து வைத்தான்.

"ப்ராமிஸ்னு ஒண்ணு கீது சார். வேலையக் கொடுத்த உடனே அது நம்ம கையில ஒரு வாக்கு கொடுத்துடும். ஒண்ணு, முடிச்சிட்டேன்னு சொல்லும். இல்ல, முடியலன்னு சொல்லும். ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான், அப்புறம் மாத்தவே மாத்தாது."

"மாத்தாதா?" என்றார் பாக்கியநாதன். "என் சம்சாரமே மாத்துறாப்பா. சரி, மெஷினாவது சொன்ன சொல்லைக் காப்பாத்தட்டும். செய்."

பாஸ்கருக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறவன் தான் ஒருவன்தான் என்று நினைத்தான், அது உண்மையாகவும் இருக்கலாம். பழைய வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே ஒரு வாக்கைப் போர்த்தினான். சைரன் கூப்பிட்டால் வாக்கு நிறைவேறியது. பேன் கூப்பிட்டால் வாக்கு நிறைவேறியது. சொன்ன நேரத்துக்குள் கூப்பிடாவிட்டால் வாக்கு உடைந்தது என்று எண்ணிக்கொண்டு அடுத்த ஏற்பாட்டைப் பார். இடியாப்பமாக இருந்தது, இப்போது மேலிருந்து கீழே படிக்கிற மாதிரி நேராக வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக வால்வுக்கு வந்தான். உமர் பாரூக் அந்த இடத்தில் மட்டும் விசித்திரமாக ஒரு சோதனை வைத்திருந்தார். வால்வு கூப்பிடும்போதெல்லாம், வந்த பதில் எந்த வகை என்று பார்த்து, ஒரு வகையானால் சும்மா இரு, இன்னொரு வகையானால் மட்டும் மேலே போ என்று. ஏன் என்று ஒரு வரி குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஷார்ஜாவுக்கு ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டிருந்தால் அரைமணியில் பதில் வந்திருக்கும். ஆனால் ஆபீஸ் முழுக்க அந்த மனுஷனை இடியாப்பக்கடை என்று கிண்டல் செய்துவிட்டு, இப்போது போய் அண்ணே ஒரு சந்தேகம் என்று கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. குப்பை என்று அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டான்.

வால்வு கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த சோதனைப் பெட்டியை மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தான். மூடு என்றான். மூடியாச்சு என்று பதில் வந்தது. கூடவே சிவப்பாக ஒரு பிழையும் வந்தது: இந்த வாக்குக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, மறுபடியும் சொல்ல முடியாது. பார்த்தால், வால்வு ஒரு வேலைக்கு இரண்டுமுறை கூப்பிடுகிறது. பெட்டியில் நிஜ வால்வு ஏது, வெறும் விளக்குதானே. இரண்டு அழைப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி ஒரே நொடியில் வந்தன. மெஷின் திக்குகிறது என்று முடிவு கட்டினான். புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். ஒருமுறை பதில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வருவதைக் காதில் வாங்காதே. சிவப்புப் பிழை மறைந்துவிட்டது.

அது திக்கவில்லை. முதல் அழைப்புக்கு அர்த்தம், நீ சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவது அழைப்புக்கு அர்த்தம், மூடிவிட்டேன், அல்லது மூட முடியவில்லை. முதலாவது மாரியப்பனின் வந்துட்டேன். இரண்டாவது டிவிஎஸ் ஃபிஃப்டியின் ஸ்டாண்டு சத்தம். தினமும் ராத்திரி அந்தச் சத்தத்துக்குப் பிறகு சோறு தின்றவன்தான் பாஸ்கர். எம்.சி.ஏ. படித்த அந்த மண்டையில் அது ஏறவில்லையே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிடும்போது அந்தப் பேச்சும் வந்தது.

"அந்த வால்வு கீதே மாமா, அது ஒரு லூசு. ஒரு வேலைக்கு ரெண்டு வாட்டி ஆச்சு ஆச்சுன்னு கத்துது. நான் ஒரு வாட்டி போதும்னு அது வாய மூடிட்டேன்."

மாரியப்பன் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டான். "ரெண்டு வாட்டி சொன்னா நல்லதுதானடா? இன்னாத்துக்கு மூடின?"

"சொன்னதயே சொன்னா பேஜாரு மாமா. ஒரு வாட்டி சொன்னா நம்பணும்."

"எங்க, உங்க அக்காவ நம்பச் சொல்லு பாக்கலாம். நான் வந்துட்டேன்னா நம்புறாளா?"

"நீ வந்துட்டேன்னு சொன்னத நம்பினா ஊட்ல மூணு வேளையும் ஆறின சோறுதான்யா" என்றாள் கனகாம்பாள். மூவரும் சிரித்தார்கள். விஷயம் அந்தச் சோற்றுத் தட்டுக்கு நடுவில்தான் கிடந்தது. ஒருவர் கையிலும் படவில்லை.

திரையில் வரும் சொற்களையும் பாஸ்கர் மாமாவுக்காகத் தமிழில் மாற்றினான். வால்வு மூடினால் பச்சைக் கட்டத்தில் பெரிய எழுத்தில் வரும்: மூடியாச்சு. மாரியப்பன் அதைப் பார்த்துவிட்டு நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினான். "என் மச்சான் பண்ணது. மெஷினு இப்ப நம்ம பாஷ பேசுது பாரு." பேசத்தான் பேசியது. அச்சு அசலாக நம்மைப் போலவே பேசியது.

கசிவு ஆடி மாதத்தில் வந்தது, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். கம்ப்ரஸர் ரூமை ஒட்டிய வால்வு அறையில், குழாய் இணைப்பு ஒன்றில் வாஷர் பிய்த்துக்கொண்டது. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி வாடை வந்த உடனேயே மாரியப்பன் தன் ஆட்களை வெளியே விரட்டிவிட்டான். சைரன் ஊதியது, பேன்கள் ஓடின. பாஸ்கரின் வாக்குகள் வரிசையாக நிறைவேறின. இறால் உரிக்கும் பெண்கள் ரப்பர் பூட்ஸோடும் நீலத் தொப்பியோடும் கேட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்தார்கள். கனகாம்பாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாக்கியநாதன் கண்ட்ரோல் ரூமுக்கு ஓடிவந்தார். வெளியே கண்டெய்னர் நிற்கிறது, உள்ளே சரக்கு நிற்கிறது, அவர் முகத்தில் இரண்டும் தெரிந்தன.

"வால்வு?"

பாஸ்கர் திரையைக் காட்டினான். பச்சைக் கட்டம். மூடியாச்சு. சைரன் ஊதி அரை நிமிஷம் ஆவதற்குள்ளேயே அது வந்திருந்தது. அவ்வளவு பெரிய வால்வு, மோட்டார் சுற்றிச் சுற்றி மூடவேண்டியது, அதற்குள் எப்படி மூடும் என்று அவன் யோசித்திருக்கலாம். பெருமையில் இருந்தான்.

"அப்ப குழாய்ல மிச்சம் இருக்கறதுதான் வருது" என்றார் பாக்கியநாதன். "வால்வு ரூம் உள்ள போய் பின்பக்க ஷட்டரத் திறந்துவிட்டா கொஞ்ச நேரத்துல காத்தோட போயிடும். மாரியப்பன்கிட்ட சொல்லு."

பாஸ்கர் மாமாவின் செல்லுக்குப் போட்டான். மாரியப்பன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தான். அங்கிருந்து அவனுக்குத் திரை தெரியாது.

"மாமா, பின்பக்க ஷட்டரத் தெறக்கணுமாம்."

"வால்வு மூடியாச்சா?"

"மூடியாச்சு மாமா."

"நல்லா மூடியாச்சா? வாடை கொறையவே இல்லியேடா."

"மிச்சம் கீறது மாமா அது. மூடியாச்சுன்னுதான் சொல்றேன்ல. எத்தினி வாட்டி கேப்ப?"

"சரிடா, நீ சொன்னா சரி" என்றான் மாரியப்பன்.

அவன் துண்டை நனைத்து முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அம்மோனியா தண்ணீரில் கரையும். மிச்ச வாடைக்கு ஈரத்துண்டு போதும் என்பது அந்தப் பேட்டையில் எல்லா ஆபரேட்டருக்கும் தெரிந்த வழக்கம். முகமூடி ஒன்று சுவரில் தொங்கியது. அதன் வடிகட்டி டப்பா காலாவதியாகிப் போனதும் எல்லாருக்கும் தெரியும். துண்டே மேல் என்று அதை யாரும் தொடுவதில்லை. வால்வு மூடியிருந்தால் துண்டு போதும்தான்.

அவன் வாசலை நெருங்கும்போது செல் அடித்தது. கேட்டிலிருந்து கனகாம்பாள்.

"எங்கய்யா கீற? எல்லாரும் வெளிய வந்தாச்சு, உன்ன மட்டும் காணோம்."

"தோ வந்துட்டேன்" என்றான், துண்டுக்குள்ளிருந்து.

அவள் சரியென்று வைத்துவிட்டாள். எங்காவது நின்றுகொண்டு யாரோடாவது வாயடித்துக்கொண்டிருப்பான், வருகிறபோது வருவான் என்று, பக்கத்தில் நின்றவளிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

வால்வு பாதியில் நின்றிருந்தது. உப்புக்காற்றில் துருவேறிய தண்டு, அரைக்கிணறு தாண்டியவன் கதையாக, நடுவில் இறுகிக்கொண்டது. தொட்டியிலிருந்து அம்மோனியா வந்துகொண்டே இருந்தது. மாரியப்பன் ஷட்டர் வரைக்கும் போயிருக்கிறான், கைப்பிடியில் கையும் வைத்திருக்கிறான். முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய ஷட்டருக்கு உள்பக்கமே விழுந்து கிடந்தான். பக்கத்து ரசாயனக் கம்பெனியிலிருந்து முழுக் கவசத்தோடு ஆட்கள் வந்துதான் அவனை வெளியே இழுத்தார்கள். அவர்களில் ஒருவன்தான் கைச்சக்கரத்தைக் கம்பி போட்டு நெம்பி வால்வை மூடினான். ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது மாரியப்பனுக்கு மூச்சு நின்றுவிட்டது. வண்டிக்குள் கனகாம்பாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாஸ்கர் முன் சீட்டில் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பி போட்டு நெம்பித்தான் மூடினார்கள் என்று கேட்ட நிமிஷமே அவனுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தான் சேர்த்த அந்த ஒரு வரி, கண்ணை மூடினாலும் திறந்தாலும் எதிரே நின்றது.

காரியமெல்லாம் முடிந்து கம்பெனிக்குப் போனபோது, பாக்கியநாதன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதற்குமுன் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

"விசாரணைக்கு வந்தாங்க. மாஸ்க் போடாமப் போனான், அதான் விஷயம்னு சொல்லியாச்சு. உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. ஸ்க்ரீன்ல மூடியாச்சுன்னு காட்டுச்சு, நீயும் பாத்த, நானும் பாத்தேன். புரோகிராம் நல்லாத்தான் இருக்கு. அதத் தொடாத."

"சார், அது வந்து..."

"தொடாதன்னு சொன்னேன்பா. செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. உங்க அக்காவுக்கு வேண்டியத நாங்க பாத்துக்கறோம். நீ வாயத் திறந்தா எல்லாருக்கும் கஷ்டம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஆளையே மறைக்கப் பார்க்கிறார் என்று பாஸ்கருக்குத் தோன்றியது. மறைக்கத் தானும் ஒரு பிடி சோறு போட்டால் போதும், வேலை தங்கும், பெயர் தங்கும், அக்கா முகத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த எண்ணம் வரக்கூடாதுதான். ஆனாலும் வந்தது.

கண்ட்ரோல் ரூமில் போய் உட்கார்ந்தான். அம்மோனியாத் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். குழாயில் ஒன்றும் இல்லை. வால்வை மட்டும் பழையபடி திறந்து வைத்திருந்தார்கள், ரிப்பேர்க்காரன் வரவேண்டும் என்று. பாஸ்கர் தன் வரியை எடுத்தான். உமர் பாரூக்கின் சோதனையை இருந்த இடத்தில் திருப்பி வைத்தான். மூடு என்று ஆணை கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

முதல் அழைப்பு உடனே வந்தது. காதில் விழுந்தது, அவ்வளவுதான். திரை காலியாகவே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, வால்வு அறையில் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றுவது கேட்டது. அது நின்றது. பிறகு நிதானமாக இரண்டாவது அழைப்பு வந்தது. மூட முடியவில்லை.

அன்றைக்கும் இதைத்தான் அது சொல்லியிருக்கும். மாமா துண்டை நனைத்துக்கொண்டிருந்தபோதோ, அக்காவுக்கு வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதோ சொல்லியிருக்கும். கேட்க ஒரு காதும் இல்லாமல் செய்தவன் அவன்தான். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன.

கிளம்பும்போது வாட்ச்மேன் அவனை நிறுத்தினார். மாரியப்பனின் டிவிஎஸ் ஃபிஃப்டி இன்னும் கம்பெனி ஷெட்டிலேயே நிற்கிறது, எடுத்துக்கொண்டு போப்பா என்றார். சாவி மாமாவின் மற்ற சாமான்களோடு அவர் நீட்டிய பிளாஸ்டிக் பையில் இருந்தது. வண்டி இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிட்டது.

பைபாஸ் ஓரமாக வரும்போது சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். அக்கா இந்த நாட்களில் மாரியப்பனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "மாஸ்க்கு போட்டுக்கினு போயா, போட்டுக்கினு போயான்னு தெனமும் தலப்பாடா அடிச்சிக்கினேனே. கேட்டானா? மெத்தனம். செத்தும் என்ன அசிங்கப்படுத்திட்டுப் போய்ட்டான்." அந்தத் திட்டு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. அது தெரிந்துகொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான் பாஸ்கர். இன்று சொல்லிவிடுவது என்று வீட்டு வாசல்வரை உறுதியாகத்தான் வந்தான்.

வண்டியை நிறுத்தினான். யோசிக்காமல் பழக்கத்தில் காலால் அழுத்தி ஸ்டாண்டு போட்டான்.

உள்ளே பானை மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தட்டு ஒன்று தரையில் வைக்கப்பட்டது.

கனகாம்பாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பிறகுதான் அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் எது வந்து எது போனது என்பதை எழுத எனக்குத் தைரியமில்லை.

"நீயாடா" என்றாள்.

"அக்கா, மாமா மேல தப்பு இல்லக்கா."

அவன் நின்ற இடத்திலேயே சொன்னான். அடுக்கி வைத்திருந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது, வாயில் வந்ததைச் சொன்னான். வால்வு ரெண்டு வாட்டி பதில் சொல்லும், மொதல் பதில் சும்மா, வந்துட்டேங்கிற மாதிரி. ரெண்டாவதுதான் நெசம். நான் மொதல் பதிலையே மூடியாச்சுன்னு திரையில போட்டுட்டேன். மாமா ரெண்டு வாட்டி கேட்டாரு, நல்லா மூடியாச்சான்னு. நான் எரிஞ்சு விழுந்தேன். நீ சொன்னா சரின்னு உள்ள போனாரு.

"அந்த ரெண்டாவது பதிலு," என்றாள் கனகாம்பாள் மெதுவாக, "அன்னைக்கு அது வந்துச்சா?"

"வந்துருக்கும்கா. இன்னைக்கு வச்சிப் பாத்தேன், முடியலன்னு சொல்லுது. நான்தான் அது வாய மூடி வச்சிருந்தேன்."

"அப்ப அன்னைக்கு மூடினது அது வாயி ஒண்ணுதான்."

தெருவில் போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். கனகாம்பாள் கரண்டியைப் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் எடுத்தாள்.

"அவரு வந்துட்டேன்னா நான் நம்ப மாட்டேன்டா. எத்தினி வருஷமா நம்பினதில்ல. நீ சொன்னா அவரு நம்புவாரு. படிச்ச புள்ள, பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு. தெரியாம நான் அந்த மனுஷன இத்தினி நாளா வாயில வந்தபடி ஏசிக்கினு இருந்தேனே. பக்கத்துலயே ஒக்காந்துகினு அத்தையும் கேட்டுக்கினு இருந்தியேடா."

"அக்கா..."

"நான் நம்பினது ஒரே ஒரு சத்தம். இந்த ஸ்டாண்டு சத்தம். இன்னைக்கு அத்தையும் பொய்யாக்கிட்ட." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். "வண்டிய எடுத்துக்கினு போ. கம்பெனில உட்டுடு, எங்கனா உட்டுடு. இந்த வாசல்ல இனிமே யாரும் ஸ்டாண்டு போடக்கூடாது."

அவள் உள்ளே போனாள். தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

பாஸ்கர் ஸ்டாண்டை எடுக்கக் குனிந்தான். எடுத்தாலும் அது டங்கென்று சத்தம் போடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையால் கம்பியைப் பிடித்து, மெதுவாக, மெதுவாக மேலே தூக்கி மாட்டினான். தெருமுனை வரைக்கும் வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனான்.